வீட்டுப் பட்டறைக்கு ஒரு பழைய லேத்: பார்த்து வாங்குவதில் தொடங்கி கரண்ட் கொடுப்பது வரை

நான் முதன்முதலில் விலை பேசப் போன லேத் (இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் இயந்திரம்) பச்சை பெயின்டில் பளபளவென்று நின்றது. சுவிட்சைப் போட்டதும் சத்தமில்லாமல் சுற்றியது. மோட்டாரும் புதுசு. அட்வான்ஸ் கொடுக்க பர்ஸைக்கூட எடுத்துவிட்டேன். கூட வந்திருந்த எங்கள் தெருப் பெரியவர் முப்பது வருடம் டர்னராக இருந்தவர். அவர் மோட்டார் பக்கமே போகவில்லை. டூலைத் தாங்கி நீளவாக்கில் ஓடும் சாடிலை, ராடைப் பிடித்துச் சுற்றும் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் லாக் போல்ட்டை லேசாக முறுக்கினார். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டினார். பாதி தூரம் போனதும் சாடில் இறுகி நின்றுவிட்டது. "பெயின்ட்டுக்கா தம்பி காசு கொடுக்கப் போறீங்க? வாங்க போலாம்" என்றார்.

லேத்தில் முக்கால்வாசி வேலை சக்கிலிருந்து ஒரு அடிக்குள்தான் நடக்கும். வருடக்கணக்கில் அந்த இடத்திலேயே சாடில் ஓடி ஓடி, அதைத் தாங்கும் நீள இரும்புப் படுகையான பெட் தேய்ந்துவிடும். தேய்ந்த இடத்தில் லேசாகப் பிடித்திருக்கும் லாக், தேயாத இடத்துக்கு வந்ததும் இறுகும். அந்த பெட்டில் கடைந்தால் நீள ராடு நேராக வராது. பெட்டைக் கிரைண்டிங் செய்து சரிசெய்ய முடியும். ஆனால் வீட்டுப் பட்டறைக்காரருக்கு அந்தச் செலவு லேத்தின் விலையையே தாண்டிவிடும். மோட்டார், பெல்ட், சுவிட்ச் அப்படியில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே இரும்பைப் பார்த்து வாங்குங்கள். "மூணு ஃபேஸ் மோட்டார்ங்க, உங்க வீட்டுல ஓடாது" என்று யாராவது சொன்னால் அதை விலையைக் குறைக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கரண்டுக்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எந்த அளவு லேத்?

நம் ஊரில் லேத்தை அடிக்கணக்கில்தான் சொல்வார்கள்: நாலரை அடி, ஆறு அடி, எட்டு அடி. இது பெட்டின் நீளம். நாலரை அடி லேத்தில் நாலரை அடி ராடைக் கடையலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சக்கைச் சுற்றவைக்கும் ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் உட்கார்ந்தது போக, ராடை இரு முனையிலும் தாங்கும் இரண்டு சென்டருக்கும் நடுவே இரண்டடிக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும். வீட்டு வேலைக்கு அது தாராளம். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஸ்பிண்டில் (சக் மாட்டிச் சுற்றும் தண்டு) துளை. ராடை சக்குக்குள் விட்டுப் பின்பக்கம் நீட்ட முடிந்தால் பாதி வேலை சுலபமாகிவிடும். 38 மி.மீ. துளை இருந்தால் நிம்மதி.

ஆன்லைனில் வரும் சின்ன மினி லேத்கள் 230 வோல்ட்டில் நேராக ஓடும். ஒரு ஆளே தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். பித்தளை, அலுமினியம், சின்னச் சின்ன மாடல்கள் செய்பவருக்குப் போதும். ஆனால் 50 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடைக் கொடுத்தால் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. மறுகோடியில் பழைய எச்.எம்.டி., ஹரிஹரில் செய்த மைசூர் கிர்லோஸ்கர் லேத்கள் இருக்கின்றன. அருமையான இயந்திரங்கள்தான். ஆனால் பல மாடல்கள் ஒரு டன்னைத் தாண்டும், மோட்டாரும் பெரிசு. கார் நிறுத்தும் இடத்தில் அதை வைத்தால் காரைத் தெருவில்தான் விட வேண்டும். இடைப்பட்ட இடத்தில் நிற்பவை பட்டாலா, ராஜ்கோட், கோவை பக்கம் வார்த்த லைட் டூட்டி நாலரை அடி லேத்கள். பெல்ட்டை இடம் மாற்றி வேகம் மாற்றும் கோன் புல்லி, வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் பேக் கியர், 1 முதல் 2 எச்.பி. மோட்டார். என்னிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான். எடை 400 கிலோ சுமாருக்கு வரும்.

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சின்னப் பட்டறைகள் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. இயந்திரங்களுக்கு மாறும்போது இப்படிப்பட்டவை வெளியே வரும். இடைத்தரகரிடம் வாங்குவதைவிட, லேத் இன்னும் போல்ட் அடித்து ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையிலேயே பார்ப்பது நல்லது. ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் "எதுக்குங்க விக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள், மீதியை அவரே சொல்லிவிடுவார். போவதற்கு முன் அன்றைய ஸ்கிராப் விலையைக் கிலோவுக்கு எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எடையை அதோடு பெருக்கினால் வருவதுதான் அடிமட்ட விலை. பேரம் அங்கிருந்து மேலே போக வேண்டும்.

பார்க்கப் போகும்போது

மிகச் சின்ன அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் ஒன்று, அதன் காந்த ஸ்டாண்டு, டார்ச், ஒரு முழ நீளக் குழாய், பழைய துணி. இவ்வளவு போதும்.

முதலில் மேலே சொன்ன சாடில் சோதனை. அடுத்து ஸ்பிண்டில். சக்கில் குழாயைப் பிடித்து, டயல் கேஜின் முள்ளை ஸ்பிண்டில் மூக்கின் மேல் வைத்து, குழாயை மேலே நெம்புங்கள். முள் 0.02 மி.மீ.க்குள் அசைந்தால் நல்லது. 0.05 வந்தால் பேரிங் அட்ஜஸ்ட் செய்தால் சரியாகுமா என்று கேளுங்கள். கண்ணுக்கே ஆட்டம் தெரிந்தால் வேறு லேத் பாருங்கள். சக்கைக் கழற்றச் சொல்லி ஸ்பிண்டிலின் உள் டேப்பரிலும் (உள்ளே சரிவாகக் குறுகும் துளை) முள்ளை வைத்து மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். சக் மாற்றக்கூடியது, அதன் ஓட்டத்தை வைத்து லேத்தை எடை போட வேண்டாம்.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஸ்லைடு நகரத் தொடங்கும்வரை கால் சுற்று வெறுமனே போனால் பரவாயில்லை, பழக்கத்தில் சமாளிக்கலாம். அரைச் சுற்றுக்கு மேல் போனால் நட் மாற்ற வேண்டும். கன்மெட்டலில் கடைந்து கொடுக்க ஊரில் ஆள் உண்டு. மரை வெட்ட சாடிலை இழுக்கும் நீள லீட் ஸ்க்ரூவோடு அதைப் பிணைக்கும் ஹாஃப் நட்டைப் போட்டு, சாடிலை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். லீட் ஸ்க்ரூ பெட்டைப் போலவே சக் பக்கத்தில்தான் தேய்ந்திருக்கும்.

கியர் மூடியைக் கட்டாயம் திறக்கச் சொல்லுங்கள். பேக் கியரில் ஒரு பல் உடைந்து வெல்டிங் வைத்து அரம் போட்டிருப்பது வெளியே தெரியாது. டார்ச் அடித்துக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினால் தெரியும். அப்புறம் ஓடவிட்டு, வேகமான பெல்ட் நிலையில் பத்து நிமிடம் விடுங்கள். ஹெட்ஸ்டாக் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை எடுக்க வைக்கும் சூடு ஆகாது.

நான் கோட்டை விட்டது சேஞ்ச் கியர்களில். மரை வெட்டுவதற்கு வெவ்வேறு பல் எண்ணிக்கையில் ஒரு பெட்டி நிறையக் கியர்கள் லேத்தோடு வர வேண்டும். "அதெல்லாம் மேல பரண்ல இருக்கு, நாளைக்கு எடுத்து வைக்கிறேன்" என்றார்கள். நானும் சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. கியர்களை எண்ணிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். லீட் ஸ்க்ரூ அங்குல மரையாக இருந்து உங்களுக்கு மெட்ரிக் மரை வேண்டுமென்றால் 127 பல் கியர் அதில் இருக்கிறதா பாருங்கள். ஒரு அங்குலம் 25.4 மி.மீ.; ஐந்து அங்குலம் சரியாக 127 மி.மீ. அந்த ஒரு கியர் இருந்தால் இரண்டு கணக்கும் சுத்தமாக வரும். நாலு தாடை சக், நீள ராடைத் தாங்கும் ஸ்டெடி, ஃபேஸ் பிளேட் ஆகியவற்றையும் சேர்த்தே விலை பேசுங்கள். தனியாக வாங்கப் போனால் ஒவ்வொன்றும் கடிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

லேத்தின் எடையில் பெரும்பகுதி ஹெட்ஸ்டாக் பக்கம்தான். நடுவில் கயிறு கட்டித் தூக்கினால் குப்புறக் கவிழும். டெயில்ஸ்டாக்கையும் சாடிலையும் கடைசிவரை தள்ளி லாக் போட்டு, சமநிலை பார்த்து பெல்ட் கட்ட வேண்டும். லீட் ஸ்க்ரூவில் எக்காரணம் கொண்டும் கயிறு படக் கூடாது, வளைந்துவிடும். இறக்கும் இடத்தில் செயின் பிளாக் மாட்ட வசதியில்லை என்றால், மூன்று ஜி.ஐ. குழாய்களை அடியில் விட்டுக் கடப்பாரையால் நெம்பி உருட்டலாம். லோடு ஏற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த வேலை. வேடிக்கை பார்க்க வரும் சொந்தக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தரை கான்கிரீட்டாக இருக்க வேண்டும். டைல்ஸ் மேல் வைத்தால் கால் இருக்கும் இடத்தில் விரிசல் விடும். மாடியில் வைக்கும் எண்ணமே வேண்டாம்.

கரண்ட்

பலர் பயப்படுவது இங்கேதான். உங்கள் வீட்டு மீட்டர் பலகையைப் பாருங்கள். சிங்கிள் ஃபேஸா, மூன்று ஃபேஸா? தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டுக்கு மேல் லோடு கேட்ட வீடுகளுக்கு மூன்று ஃபேஸ்தான் கொடுத்திருப்பார்கள்.

மூன்று ஃபேஸ் இருந்தால் வேலை பாதி முடிந்தது. மோட்டாருக்குத் தனி லைன் இழுத்து, எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேராக லைனில் இணைப்பது), அதோடு ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் போடுங்கள். "ஒரு ஃபேஸ் போயிருச்சு" என்பது நம் தெருக்களில் சாதாரணச் செய்தி. வீட்டு விளக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே வைண்டிங்கைச் சுட்டுவிடும். இன்னொன்று: ஒரு ஃபேஸ் போனால் அடுத்த ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ள வீட்டில் திருகு சுவிட்ச் வைத்திருப்பார்கள். லேத்துக்கான லைனை அந்த சுவிட்ச்சுக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுத்தால், யாராவது அதைத் திருகிய நாளில் இரண்டு வயரில் ஒரே ஃபேஸ் வந்து மோட்டார் முனகும். சக் தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

சிங்கிள் ஃபேஸ் மட்டும்தான் என்றால் இரண்டு வழி. முதல் வழி, 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் கெப்பாசிட்டர் மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டுவது. 1440 ஆர்.பி.எம். பார்த்து வாங்குங்கள், 2880 வாங்கினால் புல்லிக் கணக்கு எல்லாம் குழம்பிவிடும். இது மலிவு, எந்த எலக்ட்ரீஷியனும் பழுது பார்ப்பார். குறைகளும் உண்டு. ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் திரும்பாது, அதே பக்கம்தான் ஓடும். நின்ற பிறகே மாற்ற முடியும். மரை வெட்டும்போது இது பொறுமையைச் சோதிக்கும். கெப்பாசிட்டர் மோட்டாரின் லேசான அதிர்வு ஃபினிஷிங்கில் மெல்லிய கோடுகளாகத் தெரிவதும் உண்டு.

இரண்டாவது வழிதான் நான் எடுத்தது: லேத்தோடு வந்த மூன்று ஃபேஸ் மோட்டாரையே வைத்துக்கொண்டு, சிங்கிள் ஃபேஸை உள்ளே வாங்கி மூன்று ஃபேஸை வெளியே கொடுக்கும் வி.எஃப்.டி. டிரைவ் போடுவது. வேகத்தைக் குமிழ் திருகி மாற்றலாம், மெதுவாகத் தொடங்கும், சமையலறை விளக்கு மங்காது. 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி. வரை இந்த வகை டிரைவ் சுலபமாகக் கிடைக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 230 வோல்ட் உள்ளே போனால் வெளியே வருவதும் 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான். உங்கள் மோட்டார் கேட்பதோ 415. தீர்வு மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்தால், நல்ல காலமிருந்தால் ஆறு போல்ட் இரண்டு வரிசையாகத் தெரியும். மேல் வரிசை யூ1, வி1, டபிள்யூ1. கீழ் வரிசை டபிள்யூ2, யூ2, வி2. கீழ் வரிசை மூன்றையும் பித்தளைத் தகடு குறுக்கே இணைத்திருந்தால் அது ஸ்டார், 415 வோல்ட்டுக்கு. அந்தத் தகடுகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று செங்குத்து இணைப்பாகப் போட்டால் டெல்டா. அதே மோட்டார் 240 வோல்ட்டில் முழுச் சக்தியோடு ஓடும். 415-ஐ 1.732-ஆல் வகுத்தால் 240. பள்ளிக்கூடக் கணக்கு இங்கே காசாகிறது. 2 எச்.பி. வரையுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரில் வருவதால் நமக்கு வசதி. 3 எச்.பி.யும் அதற்கு மேலும் 415 டெல்டாவாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

பெட்டியைத் திறந்தால் மூன்று வயர் மட்டும் தெரிகிறதா? ஸ்டார் முடிச்சை வைண்டிங்குக்குள்ளேயே போட்டு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். வைண்டிங் கடையில் "ஸ்டாரைப் பிரிச்சு ஆறு வயரா வெளியே எடுத்துக் கொடுங்க" என்றால் போதும், ரீவைண்டிங் செய்யத் தேவையில்லை.

டிரைவ் அளவைத் தேர்வு செய்யும்போது மோட்டாரின் ஆம்பியரைப் பாருங்கள். 2 எச்.பி. மோட்டார் ஸ்டாரில் 3.5 ஆம்பியர் எடுத்தால் டெல்டாவில் 6 ஆம்பியர் எடுக்கும். அதைத் தாங்கும் 1.5 கிலோவாட் டிரைவ் போதும். ஆனால் சிங்கிள் ஃபேஸ் பக்கம் அது முழு லோடில் 15 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே மெயின் போர்டிலிருந்து நேராக 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., சரியான எர்த். ஏ.சி. பிளக்கில் சொருகி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். எர்த்தில் சந்தேகமிருந்தால் லேத்தைத் தொடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபாருங்கள். டிரைவ்கள் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும் குணமுள்ளவை, கரண்ட் கசிந்தால் அணைக்கும் வீட்டு ஆர்.சி.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆனால் அதைக் கழற்றி எறியாமல், லேத் லைனுக்குத் தனியாக ஒன்று போடச் சொல்லுங்கள்.

மெயின் லைனை டிரைவின் யூ, வி, டபிள்யூ முனைகளில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவை மோட்டாருக்கு மட்டும். அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். மூடியைத் திறக்கப் பத்து நிமிடம் பொறுங்கள்.

என் முதல் டிரைவ் செத்த கதை இதுதான். லேத்தில் ஏற்கெனவே இருந்த ஃபார்வர்டு-ரிவர்ஸ் டிரம் சுவிட்சைக் கழற்ற மனமில்லாமல், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டிருந்தேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் கை பழக்கத்தில் ஓடும்போதே அந்த சுவிட்சைத் திருப்பினேன். டப் என்று ஒரு சத்தம், பெட்டியிலிருந்து கருகிய வாசம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த சுவிட்சும் கூடாது. பழைய சுவிட்சை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்து மெல்லிய கன்ட்ரோல் வயரை டிரைவின் உத்தரவு முனைகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

செட்டிங்கில் மோட்டார் வோல்ட் 230, ஃப்ரீக்வன்சி 50, ஆம்பியர் டெல்டாவுக்கு உரியது, வேகம் 1440. தொடங்க 4 நொடி, நிற்க 5 நொடி. சக் மரையில் ஏற்றும் வகையாக இருந்தால் சடாரென்று நிறுத்தும் செட்டிங் வேண்டவே வேண்டாம். ஸ்பிண்டில் நின்று சக் மட்டும் சுற்றிக் கழன்று கீழே விழும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்கும் வசதியை முதல் வேலையாக அணையுங்கள். கரண்ட் போனதும் லேத்தை மறந்து டீ குடிக்கப் போவோம். திரும்பி வரும்போது குழந்தை சக் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.

டிரைவ் வந்துவிட்டதே என்று பேக் கியரை மறக்கக் கூடாது. ஃப்ரீக்வன்சியைக் குறைத்தால் வேகம் குறையுமே தவிர முறுக்குவிசை கூடாது. 10 ஹெர்ட்ஸில் 2 எச்.பி. மோட்டார் தருவது 0.4 எச்.பி.தான், அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடாகும். கனமான வெட்டுக்கு பேக் கியர், சின்னச் சின்ன மாற்றத்துக்குக் குமிழ். 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டுவதில்லை என்பது நானாக வைத்துக்கொண்ட கணக்கு.

டிரைவை இரும்புத்தூள் படாத உயரத்தில் பெட்டிக்குள் வையுங்கள். வயர் நுழையும் ஓட்டைகளை கிளாண்ட் போட்டு அடையுங்கள். பல்லி புகுந்து டெர்மினலில் படுத்தால் பல்லியும் போகும், டிரைவும் போகும்.

இரண்டு குறுக்குவழிகளைச் சொல்லி எச்சரித்துவிடுகிறேன். தோட்டத்தில் இரண்டு ஃபேஸ் வரும்போது கண்டென்சர் போட்டு பம்பு ஓட்டுகிற மாதிரி லேத்தையும் ஓட்டலாம் என்பார்கள். ஓடும், ஆனால் வெட்டு கொடுக்கும்போது சோர்ந்துபோகும், மோட்டார் கொதிக்கும். இன்னொன்று, பக்கத்துத் தோட்டத்து விவசாய சர்வீஸிலிருந்து வயர் இழுப்பது. கொடுத்த காரணத்துக்கு இல்லாமல் வேறு வேலைக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் கட்டவைப்பார்கள். வீட்டு இணைப்பில் சொந்தப் பொழுதுபோக்குக்கு ஓட்டுவது வேறு. கூலிக்குக் கடைந்து கொடுக்க ஆரம்பித்தால் இ.பி. ஆபீஸில் கட்டண வகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓட்டத் தொடங்கும்போது

ஸ்லைடுகளுக்கு 68 ஆயில். டூலுக்கு 4 நூல் (அரை அங்குல) எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் இரண்டு வாங்கிக் கிரைண்டரில் நீங்களே தீட்டிப் பழகுங்கள். எம்.எஸ்.ஸுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகம் என்று வைத்தால் 25 மி.மீ. ராடுக்கு சுமார் 380 ஆர்.பி.எம். லுங்கி, முழுக்கை, கையுறை, மோதிரம் எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது. வெட்டி வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்காமல் கம்பிக் கொக்கியால் இழுங்கள். சக் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் இடத்தில். சக்கில் விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, கால்களைச் சமன் செய்வது. ஸ்பிரிட் லெவல் வைத்து ஓரளவு சரிசெய்த பிறகு, 40 மி.மீ. ராடு ஒன்றை சக்கில் ஆறு அங்குலம் நீட்டிப் பிடியுங்கள், டெயில்ஸ்டாக் வேண்டாம். இரண்டு முனையிலும் வளையம் போல மேடு விட்டு, நடுவில் பள்ளமாக்குங்கள். டூலின் செட்டிங்கை மாற்றாமல் ஒரே ஓட்டத்தில் இரண்டு மேட்டையும் லேசாகச் சீவி, மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வெளி முனை பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கம் நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலை மெல்லிய தகடு வைத்துத் தூக்குங்கள். சிறிதாக இருந்தால் பின்பக்கக் காலை. எனக்கு முதலில் 0.09 மி.மீ. வித்தியாசம் வந்தது. தகரத்தை வெட்டி வெட்டிச் சொருகி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது, 0.02-க்கு வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது லேத் உட்கார்ந்து மறுபடி 0.04 ஆகியிருந்தது. இன்னொரு தகரம்.